கடைசி வரி அப்பனுக்கு

சென்ற ஐப்பசியில் ஒரே வாரத்தில் இரண்டு அடைப்புகளைப் பார்த்தேன். ஒன்று சென்னையில், நான் வேலை பார்க்கும் இடத்து சர்வரில். இன்னொன்று காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரியில், பெரியப்பா வயலுக்குப் பின்னால் போகும் வடிகாலில். முதல் அடைப்பை ஒரே வரி எழுதி எடுத்துவிட்டோம். இரண்டாவது, பொக்லைன் வந்தும் தீரவில்லை.

சர்வர் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கி, விடிவதற்குள் ஊர் ஊராக உள்ள கிளைகளுக்கு அறிக்கை தயாரிக்கும் புரோகிராம் அது. பழைய மெஷினில் மாதக்கணக்கில் முணுமுணுக்காமல் ஓடியது. நல்ல மெமரி உள்ள புது மெஷினுக்கு மாற்றிய அன்றே நின்றுபோனது. நூறு அறிக்கை வந்தது. நூற்றொன்றாவதில் பதினைந்து விநாடி திணறிவிட்டு, டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை என்று பிழை போட்டது. மறுநாளும் சரியாக நூறு.

அந்த நூறுதான் காட்டிக்கொடுத்தது. டாட்நெட்டில் சீக்வல் சர்வருக்கான இணைப்புகளை ஒரு பொதுத் தொகுப்பில் வைத்துக்கொண்டு எடுத்து எடுத்துக் கொடுப்பார்கள். நாமாக வேறு சொல்லாவிட்டால் அந்தத் தொகுப்பின் உச்சவரம்பு 100, காத்திருக்கும் நேரம் 15 விநாடி. யாரோ எடுத்த இணைப்பைத் திருப்பி வைக்காமல் போகிறார்கள்.

எல்லா அறிக்கைகளுக்கும் பொதுவாக ஒரு பேஸ் கிளாஸ் உண்டு. எங்கள் பேச்சில் அது அப்பன் கிளாஸ். டேட்டாபேஸ் இணைப்பைத் திறப்பது அப்பன். ‘டிஸ்போஸ்’ என்ற மெத்தடில் அதை மூடுவதும் அப்பன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான ஒரு தம்பி, புதுவகை அறிக்கை ஒன்றுக்காக மகன் கிளாஸ் எழுதியிருந்தான். அவனுடைய அறிக்கைக்கு ஒரு தற்காலிகக் கோப்பு தேவைப்பட்டது. வேலை முடிந்ததும் அதை மூடி அழிக்க வேண்டும். அதற்காக டிஸ்போஸை ஓவர்ரைடு செய்து, கோப்பை ஒழுங்காக மூடி, ஒழுங்காக அழித்து, மேலே ஒரு விளக்கக் குறிப்பும் போட்டிருந்தான். கடைசியில் அப்பனுடைய டிஸ்போஸைக் கூப்பிடும் அந்த ஒரு வரி மட்டும் இல்லை. அவன் தன் வீட்டைச் சுத்தமாகப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான்; அப்பன் திறந்த கதவு திறந்தபடியே கிடக்கிறது. அவனைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. அந்தக் கோடைப் படித்துப் பார்த்து, சரி என்று அனுமதித்தவன் நான்.

பழைய மெஷினில் இது ஏன் தெரியவில்லை? மெமரி குறைவு என்பதால். இடம் நெருக்கடியானதும் குப்பை அள்ளும் கார்பேஜ் கலெக்டர் அடிக்கடி வந்தது. அநாதையாகக் கிடந்த பழைய ஆப்ஜெக்டுகளை அது அள்ள அள்ள, அவை பிடித்திருந்த இணைப்புகளும் தொகுப்புக்குத் திரும்பின. புது மெஷினில் இடம் தாராளம். குப்பை அள்ள வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. வறுமை மூடி வைத்திருந்த தப்பை வசதி அம்பலப்படுத்திவிட்டது.

எனக்குத் திருநள்ளாறு நளதீர்த்தம் ஞாபகம் வந்தது. சனி தோஷம் கழிய நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள், உடுத்திக் குளித்த துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். பீடை துணியோடு போயிற்று என்று நிம்மதியாகப் பேருந்து ஏறுவார்கள். அந்தத் துணியை யாரோ ஒரு பணியாள் அள்ளியாக வேண்டும். அவர் வரும் நேரம் பக்தருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் தொழிலில் இந்த மனநிலைக்குப் பெயர் ஃபைனலைசர். ஜாவாவில் எல்லா ஆப்ஜெக்டும் பிறவியிலேயே ‘ஃபைனலைஸ்’ என்றொரு மெத்தடைச் சுமந்து வரும். அது எப்போது ஓடும், ஓடவே ஓடுமா என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். அதை ஓவர்ரைடு செய்தவர்கள் அப்பனுடையதைக் கூப்பிட மறந்தால் மொழியும் வாயைத் திறக்காது. இருபது வருடம் பட்டுத் தெளிந்து, 2017இல் வந்த ஜாவா 9இல் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதினார்கள். 2022இல் ஜாவா 18 வந்தபோது, அந்த ஏற்பாடு முழுவதையுமே ஒருநாள் எடுத்துவிடப் போகிறோம் என்று அறிவித்தார்கள்.

ஓவர்ரைடு என்பது அப்பன் சொன்ன விதத்தை விட்டு மகன் தன் விதத்தில் செய்வது. பெரும்பாலான காரியங்களில் இதனால் கேடில்லை. அப்பன் கட்டம் போட்டு அச்சடித்தார், மகன் கட்டமில்லாமல் அச்சடிக்கிறான், போகட்டும். துப்புரவில்தான் சிக்கல். அப்பன் எதைத் திறந்தார், எதைப் பிடித்து வைத்திருக்கிறார் என்பது மகனுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஆப்ஜெக்ட் சார்ந்த புரோகிராமிங்கின் ஒழுக்கமே. அப்பனுடைய தனி மாறிகளை மகனின் கண்ணுக்கு மறைத்து வைப்பதை ஒரு நற்குணமாகப் பாடம் நடத்துகிறோம். ஆகவே அந்தக் கதவை அப்பனால் மட்டுமே மூட முடியும். மகன் செய்யக்கூடியது அவரைக் கூப்பிடுவது ஒன்றே. கூப்பிடாவிட்டால் வேறு யாராலும் அவரைக் கூப்பிட முடியாது, ஏனென்றால் கூப்பிடும் பாதையின் வாசலில் மகன்தான் நிற்கிறான்.

இந்த மறதிக்கு ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு வைத்தியம் வைத்திருக்கிறது. சி பிளஸ் பிளஸில் மகனின் டிஸ்ட்ரக்டர் முடிந்ததும் அப்பனுடையது தானாக ஓடும்; ஆனால் அப்பனின் பெயரால் மகனை அழிப்பதென்றால், அப்பன் தன்னுடையதை ‘வர்ச்சுவல்’ என்று அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காமல் அப்படி அழித்தால் என்ன நடக்கும் என்று மொழியின் தர நிர்ணயமே கைவிரித்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு அதட்டும். ஒரு திரை மூடும்போது அப்பனுடைய மெத்தடைக் கூப்பிடாவிட்டால், அப்பனைக் கூப்பிடவில்லை என்ற பெயரிலேயே ஒரு பிழையை எறிந்து செயலியை நிறுத்திவிடும். ஆப்ஜெக்டிவ் சி-யில் அப்பனைக் கூப்பிடும் வரிதான் கடைசி வரியாக இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொடுப்பார்கள். 2011இல் அந்த வரியை கம்பைலரே எழுதிக்கொள்ளும் ஏற்பாடு வந்தபின், நாம் எழுதினால்தான் குற்றம். சி ஷார்ப் விசித்திரம். அதன் ஃபைனலைசருக்குள் அப்பனைக் கூப்பிடும் வரியை கம்பைலர் தானே சேர்த்துவிடும், டிஸ்போஸில் சேர்க்காது. தற்செயலாக நடப்பதற்குப் பாதுகாப்பு உண்டு, தெரிந்து செய்வதற்கு இல்லை. எங்கள் தம்பி விழுந்தது இந்தப் பள்ளத்தில்.

கடைசி வரி என்று சொன்னேன். ஏன் கடைசி? பிறக்கும்போது அப்பன் முதலில் உருவாகிறார், அவர்மேல் மகன். அழியும்போது மகன் முதலில், அப்பன் பிறகு. மகன் தன் கோப்பை மூடும்போது அப்பனுடைய இணைப்பு அவனுக்குத் தேவைப்படலாம். அவர் முதலிலேயே போய்விட்டால் அவனுக்குக் காலடியில் தரை இருக்காது. இந்த வரிசையைக் கல்லூரியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அது எனக்குக் கண்ணால் தெரிந்தது, அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோதுதான்.

காரைக்கால் கடைமடை. காவிரியின் கிளைகள் கிளை கிளையாகப் பிரிந்து இளைத்து இங்கே கடலில் சேர்கின்றன. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, நண்டலாறு, திருமலைராயனாறு என்று பெயருக்குக் குறைவில்லை. காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு என்று 7 டிஎம்சி ஒதுக்கியிருக்கிறதே, அது இந்த ஊருக்காகத்தான். 2007இல் நடுவர் மன்றம் சொன்ன அந்த ஏழை 2018இல் உச்ச நீதிமன்றமும் தொடவில்லை. கோடையில் வந்து சேராத தண்ணீருக்காகப் புலம்பும் அதே வயல்கள், ஐப்பசி கார்த்திகையில் வெளியே போகாத தண்ணீருக்காகப் புலம்பும். தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலே பல இடங்களில் வடிகாலாகவும் இருக்கிறது.

நான் போனபோது சம்பா நாற்றுகள் நுனி மட்டும் தெரிய நின்றன. பெரியப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார். வடிகாலைத் தூர்வாரி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கரையில் கொட்டிய சேறு இன்னும் காயவில்லை. ஆகாயத்தாமரைத் தண்டுகள் அதில் பாதி புதைந்து வெயிலில் வெளுத்துக் கிடந்தன.

“வாரிட்டாங்களே பெரியப்பா, அப்பறம் ஏன் நிக்கிது?”

“எங்கேர்ந்து வாருனாங்கன்னு கேளு தம்பி. ரோட்டோரமா மிஷினு எறங்க வசதின்னு மேலேர்ந்து வெட்டிக்கிட்டு வந்தாங்க. கீழ வர்றதுக்குள்ள மழை புடிச்சிக்கிட்டுது. மேல வெட்டுனா தண்ணி வேகமா வரும். கீழ தூந்து கெடந்தா அது எங்க போவும்? இங்கதான் நிக்கும்.”

வடிகாலைக் கடல் பக்கமிருந்துதான் வெட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். முதலில் முகத்துவாரம், பிறகு கீழ்வாய்க்கால், அதன்பின் மேலே. பாசன வாய்க்காலுக்கு வரிசை வேறு, வடிகாலுக்கு வரிசை வேறு. தண்ணீர் வரும்போது ஆறு முதலில், வாய்க்கால் பிறகு, வயல் கடைசி. போகும்போது வயல் முதலில். கன்ஸ்ட்ரக்டரும் டிஸ்ட்ரக்டரும் இதைத்தான் சொல்கின்றன. அவர் அதைச் சொல்லி முடித்துவிட்டு வெற்றிலையைக் குதப்பிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பேச்சு வரவில்லை. எங்கள் பகுதியில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதே ஆற்றில் ஓரிடம்வரை தமிழ்நாட்டுத் துறை தூர்வாரும், அங்கிருந்து புதுச்சேரித் துறை. ஒருவர் டெண்டர் விட்ட மாதத்தில் இன்னொருவர் விட்டிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்பனுடைய மெத்தடை ஓவர்ரைடு செய்வதென்றால் அவர் எப்போது, எந்த வரிசையில் செய்கிறார் என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

மனித வாழ்வில் இந்த அழியும் வரிசை தலைகீழ். மகன் முதலில் போவது நமக்குப் புத்திர சோகம். அதைப் போன்ற கொடுமை இல்லை. அப்பன் முதலில் போவதுதான் முறை. ஆகவே அப்பன் திறந்து வைத்ததையெல்லாம் மகன் மூட வேண்டியிருக்கிறது, எதைத் திறந்தார் என்று தெரியாமலேயே. பெட்டிச் சாவி எங்கே, யாருக்குக் கைமாற்று கொடுத்தார், எந்தச் சீட்டில் எத்தனை தவணை பாக்கி என்று பதினாறாம் நாள் வரைக்கும் வீட்டில் நடக்கும் விசாரணை முழுக்க இதுதான்.

சட்டமும் இந்தக் கேள்வியோடு நெடுநாளாக மல்லுக்கட்டியிருக்கிறது. அப்பன் பட்ட கடனை அடைப்பது மகனின் தர்மக் கடமை என்று வைத்திருந்தது பழைய இந்துச் சட்டம். சூதாட்டம் போன்ற கெட்ட வழியில் பட்ட கடனுக்கு மட்டும் விலக்கு. 2005 செப்டம்பர் 9ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம் இதை ஓவர்ரைடு செய்தது. அதற்குப் பிறகு பட்ட கடனுக்காக, தர்மக் கடமை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மகன் மீதோ பேரன் மீதோ கொள்ளுப்பேரன் மீதோ வழக்கு நடத்த முடியாது. பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்த அதே திருத்தம்தான் இது. மகளுக்குப் பங்கு வந்ததைப் பற்றி நிறையப் பேசினோம். மகனின் தலையிலிருந்து இறங்கிய சுமையைப் பற்றி அநேகமாக யாரும் பேசவில்லை.

காரைக்காலில் இன்னொரு வழியும் இருந்தது, இருக்கிறது. 1881 செப்டம்பர் 21இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. தன் சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக எழுதிக்கொடுக்கும் இந்தியர், திருமணத்திலும் வாரிசுரிமையிலும் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு உட்படுவார். அவர்களை ரெனோன்சான் என்றார்கள். துறந்தவர் என்று பொருள். துறந்தால் துறந்ததுதான், திரும்பி வர முடியாது, சந்ததிக்கும் அதுவே. துறக்கும்போது ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். நமக்கெல்லாம் இனிஷியல் என்பது அப்பனைச் சுட்டும் ஒற்றை எழுத்து. அதை எடுத்துவிட்டு அவர்கள் லாபோர்த் போன்ற பெயர்களைச் சூட்டிக்கொண்டார்கள். அப்பனுடைய ஒரு மெத்தடை மட்டும் மாற்றுவதற்குப் பதில், அப்பன் கிளாஸையே மாற்றிக்கொண்ட துணிச்சல் அது. ரெனோன்சான் வேறு, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் வேறு. ‘சொல்தா’ பென்ஷன், அதாவது பிரெஞ்சுப் படைவீரர் பென்ஷன், வாங்குகிற தாத்தாக்களை எல்லாம் ரெனோன்சான் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

பிரெஞ்சு சிவில் சட்டம் வாரிசுக்கு மூன்று வாசல் வைத்திருக்கிறது. சொத்தையும் கடனையும் அப்படியே ஏற்கலாம். அப்போது சொத்தை மிஞ்சிய கடனும் தலையில் விழும். எல்லாவற்றையும் வேண்டாம் என்று மறுக்கலாம். அல்லது, முதலில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள், சொத்தின் அளவுக்கு மட்டுமே கடனுக்குப் பொறுப்பேற்பேன் என்று சொல்லலாம். இந்த மூன்றாவது வாசலை நான் மெச்சுகிறேன். ஒரு புரோகிராமரின் மூளை அதில் இருக்கிறது. என்ன திறந்திருக்கிறது என்று பட்டியல் எடுக்காமல் துப்புரவு செய்ய முடியாது என்பதை 1804இலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

பிறகு அந்த அப்பனும் போனார். போன விதம்தான் வேடிக்கை. 1739இல் தஞ்சாவூர் அரசிடமிருந்து காரைக்காலைப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள், 1954 நவம்பர் 1இல் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். அதற்குப் பதினான்கு நாள் முன்பு கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்திருந்தார்கள். ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து, அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். இடைப்பட்ட ஏழு வருடம் ஒன்பதரை மாதம் காரைக்கால் எந்த நாடு? ஆள்வது இந்தியா, சட்டக் கணக்கில் பிரான்ஸ். டிஸ்போஸ் கூப்பிட்டாயிற்று, ஆப்ஜெக்ட் இன்னும் மெமரியில் இருக்கிறது. அந்த நிலையில் உள்ள ஆப்ஜெக்டிடம் வேலை சொன்னால் பிழை வரும் என்பது எங்கள் விதி. அந்த வருடங்களில் பிறந்த குழந்தைகளும் பதிவான கல்யாணங்களும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

நியாயமாகச் சொல்வதென்றால், மூடிய விதத்தில் ஒழுங்கு இருந்தது. பிரெஞ்சு நிர்வாகத்தின் செயல்களால் இந்தப் பகுதிகளுக்கு ஏற்பட்ட உரிமைகளையும் பொறுப்புகளையும் இந்திய அரசு ஏற்கும் என்று ஒப்பந்தம் சொன்னது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தது. நடைமுறையில் உள்ள சட்டங்கள் திருத்தப்படும்வரை தொடரும் என்றது 1962இன் நிர்வாகச் சட்டம். இந்திய வாரிசுரிமை, திருமணச் சட்டங்கள் 1963 அக்டோபர் 1 முதல் இங்கும் செல்லும் என்று ஆனபோது, புதுச்சேரிப் பகுதியின் ரெனோன்சான்களுக்கு அவை பொருந்தா என்று ஒரு விதிவிலக்கும் சேர்ந்தது. பாரிஸில் அந்த சிவில் சட்டம் எத்தனையோ முறை திருத்தப்பட்டுவிட்டது. இங்கே இருப்பது பிரான்ஸ் விட்டுப்போன காலத்து வடிவம். எங்கள் பாஷையில், பழைய வெர்ஷனில் ஆணியடித்து நிறுத்தப்பட்ட லைப்ரரி. அதை எழுதியவர்களே இப்போது அதைப் பயன்படுத்துவதில்லை. பெயர்களும் அப்படித்தான் தங்கிவிட்டன. தமிழ்நாட்டில் பஞ்சாயத்து ஒன்றியம் என்பது எங்களுக்கு இன்றும் கொம்யூன்.

சென்னை திரும்பியதும் அந்தத் தம்பியை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லவில்லை. அவனுக்கு வேலை இருந்தது. அப்பனைக் கூப்பிடும் வரியைச் சும்மா கடைசியில் போடாதே, ‘ஃபைனலி’ பகுதிக்குள் போடு என்று மட்டும் சொன்னேன். உன் கோப்பை மூடுவதில் தப்பு நடந்தாலும் அப்பனுக்குச் செய்ய வேண்டியது நின்றுபோகக் கூடாது. இரண்டு முறை கூப்பிட்டாலும் கெட்டுப்போகாதபடி எழுது. அன்று இரவு எல்லா அறிக்கைகளும் வந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்து, அந்த மூன்றாவது வாசலின் பட்டியலைக் கேட்டேன். “என்ன தம்பி, திடீர்னு?” என்றார். பிறகு யோசித்து யோசித்துச் சொன்னார். கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு கடன். இரண்டு வங்கிக் கணக்கு, ஒன்றுக்கு வாரிசு நியமனம் இல்லை. பெரியப்பாவுக்கும் தனக்கும் இடையே எழுதாத ஒரு கணக்கு, அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றார். ஒரு வரப்புத் தகராறு. எல்லாம் சொல்லி முடித்து, போனை வைக்கப்போகும்போது, “இன்னொண்ணு விட்டுப்போச்சு” என்றார். ஊர்ப் பழைய வீட்டின் மின் இணைப்பு. தாத்தா இறந்து முப்பத்தேழு வருடம் ஆகிறது. இந்த மாத ரசீதும் அவர் பெயருக்குத்தான் வந்திருக்கிறது.